மென்பொருள் இலவசம், பட்டியல் யாருடையது?

எங்கள் ஊர்த் திரைலோக்கியநாதர் கோயில் சங்கீத மண்டபத்துக் கூரை ஓவியங்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த மண்டபம் விஜயநகர அமைச்சர் இருகப்பர் 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. ஓவியங்கள் பல காலத்தவை. டி. என். ராமச்சந்திரன் எழுதி, 1934-ல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடாக வந்த திருப்பருத்திக்குன்றம் நூலின் அச்சுப்படி எனக்கு வேண்டியிருந்தது. "பிடிஎஃப் கிடைக்குமே" என்பீர்கள். கிடைக்கும். ஆனால் நான் பார்த்த வருடலில் படத்தாள்கள் எல்லாம் கரிக்கட்டையாக இருந்தன. படத்துக்காகத்தான் அந்தப் புத்தகமே.

ஒரு நூலகத்துக்குப் போனேன். பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். கவுன்ட்டரில் கம்ப்யூட்டர் இருந்தது, மேலே உறை போட்டிருந்தது. "இருக்கான்னு தேடிப் பாக்க முடியுமா மேடம்?" என்றேன். நூலகர் சிரித்தார். "அது ஓடி ரொம்ப நாளாச்சு சார். சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்தவங்க இப்ப ஃபோன் எடுக்கறதில்ல."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியிலிருந்து வந்தது. நான் இருபது வருடமாகக் கட்டற்ற மென்பொருளை நம்பிச் சோறு தின்பவன். இப்படி ஒரு கதை கேட்டால் எங்கள் கூட்டத்தில் உடனே சொல்லும் பதில் ஒன்று உண்டு: "கோஹா போட்டிருக்கலாமே." நானும் அதைத்தான் சொன்னேன். அந்தப் பதில் எங்கே சரி, எங்கே அரைகுறை என்று பார்ப்பதுதான் இங்கே வேலை.

கோஹாவின் கதை

முதலில் சரியான பகுதி. கோஹா ஒரு நூலக மேலாண்மை மென்பொருள். நியூசிலாந்தில் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளை என்று ஒன்று, சில சிறு நூலகங்களை நடத்திவந்தது. 1999-ல் அவர்களிடம் இருந்த பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாண்டாது என்ற நிலை. சந்தையில் இருந்தவை அவர்கள் தேவைக்கும் பணத்துக்கும் ஒத்துவரவில்லை. கட்டிப்போ கம்யூனிகேஷன்ஸ் என்ற நிறுவனத்தை வைத்துப் புதிதாகவே எழுதச் சொன்னார்கள். 2000 ஜனவரியில் அது ஓட ஆரம்பித்தது. ஜிபிஎல் உரிமத்தில் உலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

கோஹா என்றால் மாவோரி மொழியில் கொடை. வாங்கியவர் ஒருநாள் திருப்பிச் செய்யவேண்டும் என்ற எதிர்பார்ப்பும் உள்ள கொடை. (கொடை, கோஹா என்ற ஒலி ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு யாரும் கட்டுரை எழுதக் கிளம்பவேண்டாம். நியூசிலாந்தில் கிடைத்த தமிழ் மணி ஒன்றை வைத்து நம்மவர்கள் எழுதியதே போதும்.)

இந்தக் கதையில் கட்டணம் இல்லை என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, மென்பொருளை எழுதச் சொன்னதே ஒரு நூலகம் என்பது. என்ன வேண்டும் என்று சொல்லும் இடத்தில் நூலகர் இருந்தார். 2011-ல் ஒரு அமெரிக்க நிறுவனம் 'கோஹா' என்ற பெயரை நியூசிலாந்தில் வணிகக் குறியாகப் பதியப் போனபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களில் அந்த ஹோரோவெனுவா நூலகத்தாரே முன்னே நின்றார்கள். பெயருக்குச் சண்டை போடலாம், கோடை யாரும் பிடுங்க முடியாது. அது ஏற்கனவே எல்லாருடைய கணினியிலும் இருந்தது.

இலவசத் தறி

ஆங்கிலத்தில் கட்டற்ற மென்பொருளை விளக்குவது கஷ்டம். 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்லுக்குக் காசில்லை என்றும் பொருள், சுதந்திரம் என்றும் பொருள். ரிச்சர்ட் ஸ்டால்மன் அந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே பாதி வாழ்நாளைச் செலவழித்தார். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. இருந்தும் நாம்தான் அதிகம் குழப்பிக்கொள்கிறோம்.

இந்தியாவில் நூலகங்களுக்குக் கிடைத்த மூன்றை வைத்துப் பார்க்கலாம். தேசியத் தகவலியல் மையம் தரும் இ-கிரந்தாலயா. அரசு நூலகங்களுக்குக் காசில்லை, ஆனால் மூலநிரல் கையில் வராது. ஹைதராபாத்தில் வணிகப் பொருளாகத் தொடங்கி 2008-ல் ஜிபிஎல் உரிமத்துக்கு மாறிய நியூஜென்லிப், மூலநிரல் திறந்தது. மூன்றாவது கோஹா, மூலநிரலும் திறந்தது, உலகம் முழுக்க அதை வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு வழி உண்டு. காஞ்சிபுரத்தில் தறி நெசவாளர் வீட்டிலேயே நிற்கும். பட்டும் சரிகையும் முதலாளி கொடுப்பார், அல்லது சொசைட்டி கொடுக்கும். நெய்து முடித்த சேலை அவர்களுக்கே திரும்பப் போகும், நெய்தவருக்குக் கூலி. "வீட்டுல தறி இருக்கே, சொந்தத் தொழில்தானே" என்று வெளியூர்க்காரர் கேட்டால் இங்கே சிரிப்பார்கள். தறி யாருடையது என்பது ஒரு கேள்வி. சேலை யாருடையது என்பது வேறு கேள்வி.

மென்பொருளைப் பற்றிப் பேசும்போது நாம் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறோம். நூலகத்தில் சேலை என்பது பட்டியல். எந்தப் புத்தகம், யார் எழுதியது, எந்த அலமாரியில் என்று வருடக்கணக்காக ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்த பதிவுகள். நான் பார்த்த அந்த நூலகத்தில் போனது மென்பொருள் மட்டுமல்ல, அந்தப் பட்டியலும்தான். கோஹா போட்டிருந்தாலும், சர்வர் வேறொருவர் கையில், கடவுச்சொல் வேறொருவர் கையில், பேக்கப் யார் கையிலும் இல்லை என்றால் கதை இதேதான். மூலநிரல் உலகத்தின் எந்த மூலையில் திறந்திருந்து என்ன பயன்?

அரைப்புள்ளிக் காடு

அனுமதி எழுதி வாங்க நாளானது. பிறகு அந்தக் கம்ப்யூட்டரின் வட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். டேட்டாபேஸ் திறந்தது. உள்ளே தமிழ் இல்லை. பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார்கள்.

புதியவர்களுக்கு: யுனிகோடுக்கு முன் தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்தின் எண்ணிலேயே தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பை. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி இருக்குமிடத்தில் அரைப்புள்ளி வரும். எனவே பட்டியல் முழுக்க அரைப்புள்ளிக் காடு. தமிழ்நாடு அரசு 2010-ல் யுனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்தது. ஆனால் அரசாணை வந்தால் பழைய கோப்பு தானாக மாறிவிடாது.

மாற்றும் நிரல் எழுதினேன். பெரிய வித்தை இல்லை. பாமினியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் நிற்கும், ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் வரும். யுனிகோடில் அது மெய்க்குப் பின்னால் வரவேண்டும். அதைத் திருப்பிப் போட்டால் போதும். ஒரு இரவு வேலை. ஓட்டினேன், கல்கியும் ஜெயகாந்தனும் அழகாக எழுந்து வந்தார்கள். ராமச்சந்திரனைத் தேடினேன். இல்லை. நூலகருக்கு ஃபோன் செய்து, "அந்தப் புத்தகம் உங்ககிட்ட இல்ல மேடம்" என்று ரொம்பத் தன்னம்பிக்கையோடு சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து அவர் கூப்பிட்டார். "சார், இருக்கு. ரெஜிஸ்டர்ல இருக்கு." கையால் எழுதிய சேர்க்கைப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்கிறார்.

என் நிரலைத் திரும்பப் பார்த்தேன். தப்பு அசிங்கமானது. தலைப்பு என்ற ஒரே கட்டத்தில் தமிழ்ப் புத்தகத்துக்குப் பாமினியும் ஆங்கிலப் புத்தகத்துக்கு நிஜ ஆங்கிலமும் அடித்திருக்கிறார்கள். என் நிரலுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் எழுதிய ராமச்சந்திரன் நூலின் தலைப்பையும் பாமினி என்று நினைத்து, வாயில் நுழையாத தமிழாக மாற்றி வைத்திருந்தது. அந்த நூலகத்தின் ஆங்கிலப் புத்தகங்கள் அத்தனையையும் ஒரே இரவில் நான் காணாமல் அடித்திருந்தேன். வட்டு கெட்டுப் போயிருந்தால்கூட இதைவிட நேர்மையாக இருந்திருக்கும். தேடினால் 'இல்லை' என்று பொய் சொல்லியிருக்காது.

பிறகு ஒரு வழி கிடைத்தது. தமிழில் புள்ளி இல்லாமல் நாலு சொல் எழுதுவது கஷ்டம். ஆகவே அரைப்புள்ளி இருந்தால் பாமினி, இல்லாவிட்டால் ஆங்கிலம். பெரும்பாலும் சரியாக வந்தது. சரியாக வராதவை எவை தெரியுமா? 'அலை ஓசை', 'புயலிலே ஒரு தோணி'. ஒரு புள்ளிகூட இல்லாத தலைப்புகள். இவற்றை நானும் நூலகருமாக உட்கார்ந்து கையால் திருத்தினோம். புள்ளியில்லாத தலைப்புகளைப் பட்டியலே பார்க்காமல் அவரால் சொல்ல முடிந்தது. எந்த அலமாரி என்றும் சேர்த்து.

கோஹா தமிழ் அறியுமா?

பட்டியல் சரியானதும் பழைய மடிக்கணினியில் டெபியன் போட்டு, கோஹாவை நிறுவி, மார்க் 21 வடிவில் பதிவுகளை ஏற்றினேன். தமிழில் தேடினால் பாதி வரவில்லை. 'வெள்ளைக்காரன் செய்த மென்பொருள்' என்று இரண்டு வாரம் திட்டினேன். பிறகு ஆவணத்தைப் படித்தால், தேடல் அட்டவணைக்கு இரண்டு வழி உண்டு என்றும், நான் விட்டுவைத்திருந்த முதல்நிலை அமைப்பு லத்தீன் எழுத்துகளை மனதில் வைத்துச் செய்தது என்றும், மற்ற எழுத்துகளுக்கு ஐசியு முறைக்கு மாறவேண்டும் என்றும் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஒரு அமைப்பை மாற்றி அட்டவணையை மறுபடி கட்டினேன், தேடல் வந்தது. திட்டியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் எல்லாம் என் தப்பு என்றும் விட்டுவிட முடியாது. அகர வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். யுனிகோடு எண் வரிசையில் ல, ள, ழ, வ என்று வரும். நம் வரிசை ல, வ, ழ, ள. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் கலை, களை, கழகம், கவிதை என்று நிற்கும். நாம் தேடுவது கலை, கவிதை, கழகம், களை என்ற வரிசையில். புள்ளியின் எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால் 'அம்மா' என்பது 'அமுதம்' என்பதற்கு அப்புறம் போய்விடும். அகராதியில் அம்மாதான் முன்னால். தமிழ் விதிப்படி அடுக்கும் முறை இன்று மென்பொருள்களில் உண்டு. யாராவது அதைக் கேட்டுப் போட்டால்தான் வேலை செய்யும். சின்ன விஷயம்தான். ஆனால் அலமாரிப் பட்டியலை அச்செடுத்துச் சுவரில் ஒட்டும் நூலகத்தில், அந்தச் சின்ன விஷயத்தால் ஒரு பள்ளிப் பிள்ளை புத்தகம் இல்லை என்று திரும்பிப் போகும்.

பெயர்கள் அடுத்தது. புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவர். சுந்தர ராமசாமியும் பசுவய்யாவும் ஒருவர். நம் முன்னெழுத்து மரபில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. மார்க் வடிவம் இதற்கெல்லாம் இடம் வைத்திருக்கிறது. பெயர்களை இணைக்கும் அதிகாரப் பதிவு என்று ஒன்று உண்டு, கோஹாவும் அதை ஏற்கும். ஆனால் அந்தப் பதிவைத் தமிழ் எழுத்தாளர்களுக்கு ஒருமுறை ஒழுங்காகச் செய்து பொதுவில் வைத்தால்தானே எல்லா நூலகமும் எடுத்துக்கொள்ளும்? மென்பொருளில் எல்லாவற்றுக்கும் பெட்டி இருக்கிறது. பெட்டியில் போடவேண்டியது நம் வேலை. கட்டற்ற மென்பொருள் பேசுபவர்கள், நானும் சேர்த்து, நிறுவுவதோடு கைகழுவி விடுகிறோம். நிறுவுவது ஒரு நாள். பட்டியல் பத்து வருடம்.

யாரும் கேட்காத பட்டியல்

ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் அத்தனை காலம் உறை போட்டுக் கிடந்தபோது ஒரு வாசகர்கூடப் புகார் சொல்லவில்லை. ஏன்?

சுற்றிப் பார்த்தால் பதில் தெரிந்தது. நாற்காலிகள் நிறைந்திருந்தன. எல்லாரும் இளைஞர்கள், எல்லார் கையிலும் சொந்தப் புத்தகம். டிஎன்பிஎஸ்சி, காவலர் தேர்வு, வங்கித் தேர்வு. அண்ணா நூற்றாண்டு நூலகத்திலேயே சொந்தப் புத்தகம் படிக்கத் தனிப் பிரிவு உண்டு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மின்விசிறியும் அமைதியும் இல்லாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு நூலகம் அதைத் தருவது பெரிய காரியம். ஆனால் சொந்தப் புத்தகத்தோடு வருபவருக்குப் பட்டியல் தேவையில்லை. நாளிதழ் படிக்க வரும் பெரியவருக்கும் தேவையில்லை. பட்டியலுக்காகக் குரல் கொடுக்க ஆள் இல்லாமல் போனதுதான் பொது நூலகத்தில் சத்தமில்லாமல் நடந்திருக்கும் மாற்றம். அது உடைந்தால் யாருக்கும் வலிக்காது. வலிக்காத இடத்துக்கு யாரும் மருந்து வாங்கமாட்டார்கள், இலவசமாகக் கொடுத்தாலும்.

இத்தனைக்கும் நம் மாநிலம் இதில் பின்தங்கிய மாநிலம் அல்ல. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகத்தின் ஐந்து விதிகளை எழுதினார். அவர் முயற்சியில் 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது, சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். சொத்து வரியோடு நாம் ஒவ்வொருவரும் நூலக வரி கட்டுகிறோம், இப்போது ரூபாய்க்குப் பத்துக் காசு. என் வீட்டு ரசீதிலும் அந்த வரி இருக்கிறது. ஆக, அந்தப் பட்டியல் நாம் காசு கொடுத்துச் செய்தது. ஒவ்வொரு வாசகருக்கும் அவர் புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதன் வாசகர், வாசகர் நேரத்தைக் காப்பாற்று என்ற மூன்று விதிகளும் பட்டியல் இல்லாமல் நடக்காது. மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் மாதிரி பெரிய கட்டடங்கள் வருவது நல்லதுதான். ஆனால் கிளை நூலகத்தின் அலமாரியில் எது இருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கும் வசதிக்குக் கட்டடம் தேவையில்லை, ஒழுங்கான கோப்பு போதும்.

இதற்கு எதிர் உதாரணமும் தமிழிலேயே இருக்கிறது. 1981-ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தது, சுமார் 97,000 நூல்களோடு. 2005-ல் சில தன்னார்வலர்கள் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தை ஆரம்பித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது விக்கிப்பீடியா ஓடும் அதே மீடியாவிக்கி. நூலகத்துக்கென்று செய்த மென்பொருளே அல்ல. நூலகவியல் படித்தவர் பார்த்தால் முகம் சுளிக்கலாம். ஆனால் பட்டியல் முதல் நாளிலிருந்து எல்லார் கண்ணுக்கும் முன்னால் இருந்தது. ஆசிரியர் பெயர் தப்பாக இருந்தால் வாசகர் சொல்வார், ஒருவர் திருத்துவார். எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது: ஒரே இடத்தில் இருப்பது பாதுகாப்பு அல்ல. பழைய சமண மரபில் சாஸ்திர தானம் என்றொரு வழக்கம். ஏட்டைப் படியெடுத்துக் கொடுப்பது தர்மம். பத்தாம் நூற்றாண்டுக் கன்னட நாட்டில் அத்திமப்பே ஒரே காவியத்தை ஆயிரம் படி எடுக்கச் செய்து கொடுத்ததாகச் சொல்வார்கள். ஆயிரம் படி என்பது புண்ணியக் கணக்கு மட்டுமா? எனக்கு அது பேக்கப் கணக்காகவும் படுகிறது.

அதனால் "கோஹா போட்டிருக்கலாமே" என்ற என் பழைய பதிலை இப்போது இப்படித் திருத்திக்கொள்கிறேன். எந்த மென்பொருள் என்பது இரண்டாவது கேள்வி. முதலில் ஒப்பந்தத்தில் மூன்று வரி வேண்டும்: பட்டியல் யுனிகோடில் இருக்கவேண்டும், மார்க் வடிவில் மொத்தமாக எடுக்க நூலகரிடமே பொத்தான் இருக்கவேண்டும், எடுத்த கோப்பு பொதுவில் யாரும் இறக்கிக்கொள்ளும்படி கிடைக்கவேண்டும். கடன் வாங்கியவர்களின் விவரம் அதில் சேராது, புத்தக விவரம் மட்டும். இந்த மூன்றும் இருந்தால் காசு வாங்கும் மென்பொருள்கூடப் பரவாயில்லை. இவை இல்லாவிட்டால் கட்டற்ற மென்பொருளும் கூலித்தறிதான்.

ராமச்சந்திரன் கிடைத்தார். முதுகட்டை இல்லாமல், பழைய கெஜட்டியர்களுக்கு நடுவில் இருந்தார். படத்தாள்கள் தெளிவாக இருக்கின்றன. ஓவியக் குறிப்பு அடுத்த மாதம் வரும்.

கடைசி நாள் எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தபோது நூலகர் கேட்டார்: "நான் ரிட்டயர் ஆகப்போறேன் சார். அப்புறம் இதை யாரு பாத்துப்பாங்க?"

என்னிடம் நல்ல பதில் இல்லை. மாதம் ஒருமுறை பட்டியலை எப்படி எடுத்து வைப்பது, கெட்டால் எப்படித் திரும்ப ஏற்றுவது என்று இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி, அந்தச் சேர்க்கைப் பதிவேட்டின் உள்ளட்டையில் ஒட்டிவிட்டு வந்தேன். அந்த நூலகத்தில் இதுவரை தொலையாமல் இருப்பது அது ஒன்றுதான்.